அம்மாவின் வாய்க்குத் தடவிய மருந்து

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், உடம்புக்கு ஒன்றும் இல்லை, நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். இதை முதலில் எழுதாவிட்டால் நீ மேற்கொண்டு ஒரு வரி படிக்க மாட்டாய், அது எனக்குத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற மூன்று மாதக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேண்டுதல் கிடையாது. காலை வாந்தி கொஞ்சம் மட்டுப்பட்டதா. இங்கே சித்தி வாரம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சமையலறையை நான் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு போகிறாள். வேலை எப்போதும் போலத்தான், பழைய கட்டடம் ஒன்றில் இரண்டு லிஃப்டுக்கும் கேபிள் மாற்றுகிறோம், ஏழு மாடிக்காரர்களும் மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டு என் தலையை உருட்டுகிறார்கள்.

நேற்று போனில் உன்னிடம் கத்திவிட்டேன். அதற்காகத்தான் இன்று வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, மத்தியானம் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்பு ஓரமாகவே எட்டு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, வேர்த்து வேர்த்து இடுப்பு மடிப்பில் வட்டமாகப் படை வந்திருக்கிறது என்றாய். அதோடு இன்னொரு தொந்தரவும் இருக்கிறது, அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, "அம்மா இருந்தா அம்மாகிட்ட கேட்டிருப்பேன்ப்பா" என்று இழுத்தாய். எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இருந்தேன். பிறகு, கூட வேலை பார்க்கிற அக்கா தனக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பூஞ்சை மாத்திரையில் ஒன்று மிச்சம் இருக்கிறதென்று கொடுத்தாள், "ஒண்ணே ஒண்ணு போட்டா எல்லாம் சரியாயிடுமாம்" என்று நீ சொன்னதுதான் தாமதம், போடாதே, கையில் இருந்தால் கீழே போடு அதை என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "ஏன்ப்பா இப்படிக் கத்துறீங்க" என்று அழுதாய். போனை வைத்துவிட்டேன். பிறகு நீ, போடவில்லை, குப்பையில் எறிந்துவிட்டேன் என்று செய்தி அனுப்பினாய், அதைப் பார்த்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தேன். ஏன் கத்தினேன் என்பதை உன்னிடம் நான்கு மாதத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். போனில் சொல்லத் தைரியம் இல்லை. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி, மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் நல்லது.

உன் அம்மாவுக்கு இதயத்தில் உலோக வால்வு வைத்தது நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாத்திரை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. அதிகமானாலும் ஆபத்து குறைந்தாலும் ஆபத்து என்று டாக்டர் சொன்னதை அவள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கிற கண்டிப்போடு கடைப்பிடித்தாள். அந்த வால்வு டிக் டிக்கென்று கேட்கும், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தால் எனக்கே கேட்கும். வீட்டில் சுவர்க்கடிகாரம் நின்றுபோனபோது, "என்னைக் கேட்டு மணி பாத்துக்குங்க" என்று சிரித்தவள் அவள். பரிசோதனை அட்டையில் ஒவ்வொரு முறையும் தேதியும் அளவும் எழுதி வாங்கி வருவாள், நீயும் அங்கிருந்து மாதாமாதம் போன் போட்டு, போய்விட்டு வந்தாயா என்று கேட்பாய். வீட்டில் நான் ஒருவன்தான் இதிலெல்லாம் தலையிடாமல், பெண்கள் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்களே என்று சும்மா இருந்தவன்.

அந்த மாதம் அவளுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. டாக்டர் ஐந்து நாளுக்கு மாத்திரை கொடுத்தார், சளி போய்விட்டது, ஆனால் அதன் பிறகு வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிந்து நாக்கெல்லாம் எரிச்சல். குழைந்த சோறு கூட இறங்கவில்லை, தண்ணீர் குடிப்பதற்கே முகத்தைச் சுளித்தாள். பல் செட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பொக்கை வாயோடு உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றுதான் அவள் சொன்னாள். நான்தான், வாய்ப்புண்ணுக்கெல்லாமா போய் வரிசையில் உட்காருவது என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்து வரும் வழியில் நம் மருந்துக்கடையில் நின்றேன். கடைக்காரர் இருபது வருடப் பழக்கம். வீட்டில் வாயெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்றேன், அது பூஞ்சை சார் என்று சொல்லி ஒரு ஜெல்லை எடுத்துக் கொடுத்தார், ஒரு நாளைக்கு நாலு தடவை தடவச் சொன்னார். அவளுக்கு வேறு என்ன மருந்து ஓடுகிறது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை கண்ணு, சத்தியமாகத் தோன்றவே இல்லை.

ஆனால் அவளுக்குத் தோன்றியது. அதைத்தான் நான் இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். ஜெல்லைக் கையில் வாங்கிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து பொடியாக இருந்தது, கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டாள். "ஏங்க, இத என் ரத்த மாத்திரையோட போடலாமா, கேட்டீங்களா" என்றாள். நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, நிமிர்ந்து கூடப் பார்க்காமல், "இது வாய்க்குத் தடவுறது, வயித்துக்குள்ளயா போகுது, பேசாம தடவு" என்றேன். அவள் தடவினாள். நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தடவினாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளை மேஜை ஆடுகிறதென்று அதன் காலுக்கு அடியில் செருகினேன். லிஃப்ட் கதவைத் திறப்பதற்கு முன்னால் மெயின் சுவிட்சை இறக்கினாயா, போர்டு தொங்கவிட்டாயா, தாளைப் படித்தாயா என்று கூட வேலை செய்கிறவர்களை இருபத்தாறு வருடமாகத் திட்டித் தீர்க்கிற மனிதன், என் வீட்டுக்குள் வந்த ஒரு தாளைப் படிக்கவில்லை.

நாலாம் நாளிலேயே வாய் தேறிவிட்டது. ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டாள், எனக்குப் பெருமை தாங்கவில்லை, பார்த்தாயா என்றேன். ஒரு வாரம் ஆனதும் முன்கையில் நீலமாகக் கன்றிப்போய் ஒரு திட்டு, எங்கேயோ இடித்துக்கொண்டிருப்பாய் என்றேன். இடிக்கவே இல்லையே என்றாள். மறுநாள் முழங்காலுக்குக் கீழே இன்னொன்று. மிச்சமிருந்த கீழ்ப்பற்களைத் துலக்கும்போது ரத்தம் வந்தது, "பிரஷ் முரடா இருக்கு, வேற வாங்கித் தரேன்" என்று மெத்தென்று ஒரு பிரஷ் வாங்கிக் கொடுத்தேன். அவளுடைய உடம்பு ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நான் பிரஷ் வாங்கினேன்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னவோ சொன்னாள், வார்த்தை குழறியது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் வாந்தி எடுத்தாள். மூளைக்குள் ரத்தக் கசிவு என்றார்கள். அவசரப் பிரிவில் ஒரு டாக்டர், என்னென்ன மருந்து சாப்பிடுகிறார், புதிதாக ஏதாவது உண்டா என்று கேட்டார். எல்லா மாத்திரையும் வரிசையாகச் சொன்னேன். ஜெல்லைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை, அதை நான் மருந்துக் கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. மறுநாள் அந்த ஆஸ்பத்திரி மருந்தகத்திலிருந்து ஒரு பெண் குறிப்பேட்டோடு வந்தார், மருந்தாளுநர், உன் வயதுதான் இருக்கும். ரத்தம் இவ்வளவு இளகிப் போனதற்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. "மாத்திரைய விடுங்க சார். தடவுறது, சொட்டு விடுறது, கொப்புளிக்கிறது, அப்படி ஏதாவது குடுத்தீங்களா" என்று கேட்டார். வாய்க்கு ஒரு ஜெல் என்றேன். அவர் பேனா நின்றுவிட்டது. பெயர் கேட்டார், சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டார், சொன்னேன். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக, குற்றம் சாட்டுகிற குரலே இல்லாமல் விளக்கினார். அந்த ஜெல்லில் இருக்கிற மருந்து வாயிலிருந்து உடம்புக்குள் போகுமாம். ரத்த மாத்திரையை உடம்பு கழித்துவிடுகிற வேலையை அது தடுத்துவிடுமாம். அப்போது தினமும் போடுகிற அதே மாத்திரை உடம்பில் தேங்கித் தேங்கி, பல மடங்கு போட்ட மாதிரி ஆகிவிடுமாம். ரத்தத்தைச் சரிப்படுத்துகிற சிகிச்சையை வந்தவுடனேயே ஆரம்பித்துவிட்டோம், நீங்கள் நேற்றே சொல்லியிருந்தாலும் இதைத்தான் செய்திருப்போம் என்றார். என் மனம் ஆறட்டும் என்றே அதைச் சொன்னார் என்று நினைக்கிறேன், நல்ல பெண். மூன்றாம் நாள் சாயங்காலம் நாலு மணிக்கு உன் அம்மா போய்விட்டாள். நீ அப்போது விமானத்தில் இருந்தாய்.

எல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு, நீ சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றது நினைவிருக்கிறதா. பரிசோதனை விட்டுப்போயிருக்கும், அதனால்தான் ரத்தம் இளகிவிட்டது என்று சித்தி யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாய். "அந்த மாசம் நான் போன் பண்ணி ஞாபகப்படுத்தலப்பா. ரெண்டு ஷிப்டு பாத்தேன், மறந்துட்டேன். நான் கேட்டிருந்தா அம்மா போயிருப்பா" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற மகள் செய்யாத குற்றத்தைத் தூக்கிச் சுமப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு, நம் தலை தப்பியது என்று நின்ற அப்பன் நான். அம்மாவுக்குச் செய்தது தெரியாமல் செய்தது. உனக்குச் செய்தது தெரிந்தே செய்தது.

கேட்டுக்கொள் கண்ணு. அம்மா அந்த மாதப் பரிசோதனையை விடவில்லை. சரியான தேதிக்குப் போனாள், அளவும் சரியாக இருந்தது, அட்டையில் எழுதியிருக்கிறது. நான் ஜெல் வாங்கி வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து. அடுத்த பரிசோதனைத் தேதி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நீ போன் செய்திருந்தாலும், "ஓ, போயிட்டு வந்துட்டேனே" என்றுதான் சொல்லியிருப்பாள். உன் மறதியால் எதுவும் நடக்கவில்லை. அந்த அட்டையை நான் என் கருவிப் பெட்டியில், ஸ்பானர்களுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். இந்தக் கடிதத்தோடு அதையும் வைத்து அனுப்புகிறேன், தேதியை நீயே பார்த்துக்கொள், என் வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம்.

போன மாதம் ஒருநாள் மருந்துக்கடைக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் செத்துப்போய், "நீங்க ஒரு வார்த்தை சொல்லலயே சார், அம்மாவுக்கு இருதயத்துல வால்வுன்னு எனக்கு எப்படித் தெரியும்" என்றார். நீங்க கேக்கலயே என்றேன். கேட்டிருக்கணும் என்றார். அதற்கு மேல் சண்டையும் வரவில்லை, சமாதானமும் வரவில்லை. மருந்து வாங்க வேறு ஆள் வந்தார், நான் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து மேஜைக் காலுக்கு அடியிலிருந்த தாளை உருவிப் படித்தேன். நசுங்கிப்போயிருந்தாலும் எழுத்து தெரிந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இதைப் பயன்படுத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில்தான் போட்டிருந்தார்கள்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். இன்று காலை ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த மருந்தாளுநரைத் தேடிப் பிடித்தேன், என்னை அவருக்கு ஞாபகம் இருந்தது. என் மகள் மூன்று மாதம், இப்படி இப்படி என்று சொன்னேன். பூஞ்சைக்கு விழுங்குகிற மாத்திரை இந்த மாதங்களில் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாமல் போகலாம், டாக்டர் பார்த்துச் சொல்லாமல் ஒன்று கூடப் போடக் கூடாது என்றார். வீசி எறிந்தாயே, நல்ல காரியம் செய்தாய். அந்த இன்னொரு தொந்தரவும் பெரும்பாலும் இதே பூஞ்சைதானாம், கர்ப்பமாக இருக்கிற நிறையப் பேருக்கு வருமாம், வெட்கப்பட ஒன்றும் இல்லையாம், ஆனால் எரிச்சலும் அரிப்பும் வேறு காரணத்தாலும் வருமாம், அதனால் அதுதான் என்று நீயே முடிவு கட்டிக்கொள்ளாமல் பெண் டாக்டரிடம் காட்டச் சொன்னார். மேலுக்குப் போடுகிற மருந்துகள் இருக்கின்றன, எது, எத்தனை நாள், எப்படி வைப்பது என்று அவர்கள் சொல்வார்கள். இதையெல்லாம் எழுத எனக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது, என்ன செய்வது, அம்மாவின் வேலையும் இப்போது என் தலையில்.

இடுப்புப் படைக்கும் அப்படித்தான். நம் வீட்டு அலமாரியில் ஒரு சிவப்பு மூடி ட்யூப் இருக்குமே, அதன் பெயர் என்ன என்று கேட்டாய். சொல்ல மாட்டேன். அதில் பூஞ்சை மருந்தோடு ஸ்டீராய்டும் கலந்திருக்கிறதாம். தடவினால் இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் இரண்டு பங்காகத் திரும்பி வரும், தோலும் மெலிந்துபோகும். லிஃப்ட் குழித் தண்ணீரில் நின்று நின்று எனக்கு வந்த சேற்றுப்புண்ணுக்கும் இடுப்புப் படைக்கும் வருடக்கணக்காக அதைத்தான் தடவினேன், படை என்னோடு ஓய்வுபெறும் வரை இருக்கும்போலிருக்கிறது என்று உன் அம்மா கேலி செய்வாள். அரிப்பு நின்ற அன்றே ட்யூபைத் தூக்கிப் போடுகிற ஆள் நான், அதுவும் தப்பாம், பார்வைக்கு மறைந்த பிறகும் சொன்ன நாள் வரை தடவ வேண்டுமாம், வட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் சுற்றிலும் தடவ வேண்டுமாம். தடவுவதற்கு முன்னால் கழுவித் துடைத்து ஈரம் போக உலரவிடு. வேர்வையில் நனைந்த துணியோடு இருக்காதே, வேலை இடத்தில் மாற்றிக்கொள்ள ஒரு செட் உள்ளாடை கொண்டு போ. மாப்பிள்ளை துண்டு வேறு, உன் துண்டு வேறு. அடுப்புப் பக்கத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேள், கேட்டால் ஒன்றும் குறைந்துவிட மாட்டாய்.

டாக்டரிடம் போகும்போது நீ சாப்பிடுகிறதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. சத்து மாத்திரை, தலைவலித் தைலம், வாய் கொப்புளிக்கிறது எல்லாவற்றையும் எழுது. அவர்கள் கேட்காவிட்டாலும் நீ சொல். மூன்று மாதம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல். போட்டுக்கொண்ட பிறகு வழக்கமில்லாத எதுவும் உடம்பில் தெரிந்தால், தடிப்போ, காயமோ, ரத்தமோ, பக்கத்தில் இருக்கிறவர்கள் இது ஒன்றுமில்லை என்று சொன்னால் கேட்காதே, நான் சொன்னாலும் கேட்காதே, உடனே போய்க் காட்டு.

இதைப் படித்த பிறகு உனக்கு என் மேல் கோபம் வரும், வர வேண்டும். நாள் கணக்காகப் பேசாமல் இருந்தாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். ஆனால் உடம்பு எப்படி இருக்கிறது என்று மாப்பிள்ளையை விட்டாவது ஒரு வரி சொல்லச் சொல். மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று இரண்டு முறை பேனாவை வைத்துப் பார்த்தேன். அம்மா விஷயத்தில் அதைக் கேட்க வேண்டிய ஆள் இப்போது இல்லை, உன்னிடம் வாங்கி அதை ஈடுகட்ட எனக்கு உரிமை இல்லை. உன் விஷயத்தில் நீ எப்போது கொடுக்கிறாயோ கொடு, கொடுக்காமலும் இரு. ஒன்று மட்டும் உடனே செய். நான்கு மாதமாக நீ தூக்கிக்கொண்டு திரிகிற பழி உன்னுடையது இல்லை, அதை இறக்கி வை. அதை இனி நான் சுமக்கிறேன், அது என்னுடையது.

குட்டியும் நீயும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கு என் அன்பும் ஆசியும். டாக்டரிடம் போவதை மட்டும் தள்ளிப் போடாதே.

என்றும் உன் நலம் விரும்பும்
அப்பா